வெட்டாமல் விட்ட மூச்சு

செய்தி வந்தபோது காலை மணி ஆறு பத்து. கத்தரி அக்கா அப்போது ஓர் இருமலைத் தேடிக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் எங்கோ ஒளிந்திருந்தது அது. கணினித் திரையில் பேச்சு பச்சை முள்வேலி மாதிரி ஓடும். சிரித்தால் முட்கள் நிமிரும், யோசித்தால் படுத்துக்கொள்ளும். இருமலுக்கென்று தனி உருவம் உண்டு: முதலில் ஒரு பெரிய குத்து, பின்னாலேயே இரண்டு சின்னக் குத்து. இருபத்தாறு வருடமாக வானொலியில் குரல்களை வெட்டி ஒட்டுகிறவருக்கு அதைக் கேட்கக்கூடத் தேவையில்லை, பார்த்தாலே போதும். பிடித்துவிட்டார். இரண்டு பக்கமும் கோடு போட்டு, அழிக்கப் போகும் நேரத்தில் மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. கூப்பிட்டது, இருமியவரின் மனைவி.

"அக்கா, அவர் எந்திரிக்கலை."

அக்கா ஹெட்போனை எப்போதும் இடது காதில் மட்டும்தான் மாட்டுவார். வலது காது உலகத்துக்கு. அன்றைக்கும் அப்படித்தான். வலது காதில் அந்த அம்மாள் அழுதுகொண்டிருந்தார். இடது காதில் அவருடைய கணவர் ஒரு நகரசபை உறுப்பினரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். நிறுத்த வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்ற அரை நிமிடம் ஆயிற்று.

கத்தரி என்பது பட்டப்பெயர். நிலையத்தில் நாடா இருந்த காலத்தில், நிஜமாகவே கத்தரிக்கோலால் நாடாவை நறுக்கி ஒட்டி வேலை பழகியவர். கணினி வந்து கத்தரிக்கோல் போன பிறகும் பெயர் போகவில்லை. ஐம்பத்திரண்டு வயது. குள்ளம். நாற்காலியை உயர்த்தி உட்கார்ந்தால் கால் தரையில் படாது, தாழ்த்தினால் திரை எட்டாது. ஆகவே காலுக்கடியில் பழைய தொலைபேசி டைரக்டரிகள் இரண்டு. யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், தொண்டையைப் பார்ப்பார். "என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே, சாரி, என்னை மாப்பிள்ளை பார்க்க வந்த அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. இவ என்னைக் கட்டிக்கலை, என் குரல்வளையைத்தான் கட்டிக்கிட்டா" என்பார் அவர் கணவர். வீடு மாறும்போது தண்ணீர் வருமா, வெளிச்சம் வருமா என்றெல்லாம் அக்கா கேட்டதில்லை. கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒருமுறை கைதட்டுவார். "எதிரொலிக்குது. வேண்டாம்" என்று கீழே இறங்கிவிடுவார். பேருந்தில் பின்னால், இன்ஜின் சத்தம் அதிகமாக இருக்கும் இடத்தில்தான் உட்காருவார். "அங்கதான் யாரும் பேசறது கேக்காது. காதுக்கு லீவு."

இன்னொரு வழக்கம். ஒலிப்பதிவு நடக்கும்போது சிரிக்கமாட்டார். கண்ணாடித் தடுப்பு இருக்கிறதே, சிரித்தால் என்ன என்றால், பழக்கம் அப்படி. சிரிப்பு முட்டும்போதெல்லாம் பேனா மூடியைக் கடிப்பார். ஒலிப்பதிவு முடிந்து வெளியே வந்ததும், இருமிய அந்த நகைச்சுவைக் கலைஞர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனை மூடி அக்கா?" என்பதுதான். "ஒண்ணுகூட இல்லை" என்று வந்தால் மனிதர் அன்றைக்குத் தேநீர் குடிக்கமாட்டார்.

அவருக்கும் பட்டப்பெயர்தான். ஊர் முழுக்க வாடகைக்காரர் என்றால் தெரியும். எட்டு வருடமாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு நிகழ்ச்சி. நகரம் ஒரு வாடகை வீடு. அவர் அதில் குடியிருப்பவர். எதிரே வாரம் ஓர் அரசியல்வாதி, அவர்தான் வீட்டுக்காரர். இவ்வளவுதான் ஏற்பாடு. "வீட்டுக்காரரே, சமையலறைக் குழாயைத் திறந்தா காத்துதான் வருது. நல்ல காத்து, குறை சொல்லலை. ஆனா அதுல குளிக்க முடியலை" என்று தொடங்குவார். தெருவிளக்கை, "கூடத்து பல்பு போய் மூணு மாசமாச்சு" என்பார். சாலைப் பள்ளத்தை, "தரையில ஒரு சின்ன நீச்சல்குளம் கட்டியிருக்கீங்க, எங்களுக்குத் தெரியாம" என்பார். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் அவருக்கு ஒன்றுதான்: "வீட்டுக்காரர் மாறிக்கிட்டே இருக்கார், ஒழுகற இடம் மட்டும் மாறலை." முதலில் வர மறுத்தவர்கள், பிறகு இவரிடம் ஒருமுறையாவது திட்டு வாங்கினால்தான் தேர்தலில் மரியாதை என்று தாங்களே கேட்டு வந்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக ஏதாவது வாக்குக் கொடுத்துவிட்டும் போவார்கள். அதை மறுபடி மறுபடி ஒலிபரப்புவதுதான் நிகழ்ச்சியின் பலம்.

அந்த நாற்பது நிமிடத்தை இழைத்துத் தருவது அக்கா. "அதாவது", "வந்து", "பார்த்தீங்கன்னா" எல்லாம் தயவுதாட்சண்யமின்றிப் போய்விடும். ஒரு தலைவர் ஒரே நிகழ்ச்சியில் அறுபத்தொரு முறை "பார்த்தீங்கன்னா" சொன்னார். அறுபத்தொன்றையும் வெட்டி, வரிசையாக ஒட்டி, வாடகைக்காரரின் பிறந்தநாளுக்கு அக்கா பரிசளித்தார். அவர் அதை ஒரு மாதம் கைப்பேசி மணியோசையாக வைத்திருந்தார்.

ஆனால் தயக்கத்தை மட்டும் அக்கா தொடமாட்டார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஓர் அமைச்சர் நான்கு செகண்டு விழித்தால், அந்த நான்கு செகண்டும் அப்படியே காற்றில் போகும். "யோசிக்கறதை வெட்டிட்டா எல்லாரும் புத்திசாலி ஆயிடுவாங்க" என்பார். மூச்சை வெட்டிவிடுவார். "மூச்சு எல்லாருக்கும்தான் இருக்கு. அதுல என்ன சேதி?"

வியாழக்கிழமை ஏழு மணிச் செய்தியில் மரண அறிவிப்பு நான்கே வரி. காலை அறிவிப்பாளர் இளம்பெண். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குரல் நடுங்காமல் எப்படியோ படித்து முடித்தாள். முடித்துப் பொத்தானை விட்டாள். செய்தி முடிந்தால் அடுத்து என்ன ஒலிக்க வேண்டும் என்பதை இயந்திரத்துக்கு முந்தின நாளே சொல்லி வைத்திருந்தார்கள். அதை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. மரணச் செய்தியின் வால் அடங்குவதற்குள் வாடகைக்காரரே வந்துவிட்டார்: "நாளைக்கு ஏழு மணிக்கு நான் இருப்பேன், வீட்டுக்காரர் இருப்பார். தண்ணி இருக்குமான்னுதான் தெரியலை. கேக்கத் தவறாதீங்க!"

அதன் பிறகு தொலைபேசிகள் ஓயவில்லை. "செத்துப்போன மனுஷனை வெச்சு விளையாடறீங்களா? வெக்கமா இல்லை?" என்றார் ஒருவர். "எனக்குத் தெரியும்ங்க, சும்மா சொல்றீங்க. இப்பத்தானே பேசினார்" என்று சிரித்தார் இன்னொருவர். அவருக்கு உண்மையைப் புரியவைப்பதற்குள் அறிவிப்பாளர் பெண் அழுதே விட்டாள்.

எட்டு மணிக்கு நிலைய மேலாளர் உத்தரவு போட்டார். அவர் நல்ல மனிதர், ஆனால் தொலைபேசிக்குப் பயப்படுகிறவர். இந்த வாரம் முழுக்க வாடகைக்காரரின் குரல் காற்றில் போகக் கூடாது. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வீணை. நடுநடுவே மூன்று பிரமுகர்களின் அஞ்சலி.

"புதன்கிழமை எடுத்த பதிவு இருக்கே சார்?"

"அது வேண்டாம் அக்கா. உறுப்பினர் ஆபீஸ்லேருந்தும் போன் வந்துடுச்சு. அவரும் மனசொடிஞ்சு போயிருக்காராம். இந்த நேரத்துல அந்தப் பேட்டி வேண்டாம்னு சொல்றார்."

மனசொடிந்தது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் உறுப்பினருக்கு வேறு ஒரு சங்கடமும் இருந்தது என்பது, அந்தப் பதிவை இரண்டு முறை கேட்டுவிட்ட அக்காவுக்குத் தெரியும்.

பொது மருத்துவமனை வாசலில் இருந்த பேருந்து நிறுத்தத்தை ஒரு வருடத்துக்கு முன் அப்பால் தள்ளி வைத்தார்கள். பக்கத்தில் புதிதாக எழும்பிய வணிக வளாகத்துக்குக் கார்கள் போக வர இடைஞ்சல் என்பது காரணம். அதைத்தான் வாடகைக்காரர் புதன்கிழமை எடுத்தார்.

"கழிவறையைத் தூக்கிப் பக்கத்துத் தெருவுல வெச்ச வீட்டுக்காரரைப் பார்த்திருக்கீங்களா, நேயர்களே? நான் பார்த்திருக்கேன். எதிர்லதான் உட்கார்ந்திருக்கார்."

உறுப்பினர் சிரித்தார். "ரொம்பத் தள்ளியெல்லாம் வைக்கலைங்க. கொஞ்ச தூரம்தான்."

"அறுநூத்து நாப்பது காலடி."

"எண்ணினீங்களா? எங்க ஆளுங்க நடந்து பார்த்தாங்க. நானூறுதான் வருது."

"உங்க ஆளுங்க காலுக்கு நானூறு. நோயாளி காலுக்கு அறுநூத்து நாப்பது. நடுவுல ரெண்டு தடவை நின்னுக்கணும். அது இலவசம்."

அதற்குப் பிறகு ஒன்பது செகண்டு யாரும் பேசவில்லை. வானொலியில் ஒன்பது செகண்டு என்பது ஒரு யுகம். பிறகு உறுப்பினர், அதுவரை இல்லாத சின்னக் குரலில் சொன்னார்: "ஆறு வாரம் குடுங்க. பழைய இடத்துக்கே கொண்டுவந்துடறேன்."

அதுதான் சங்கடம். வளாகத்துக்காரர்களிடம் அவர் என்ன சொல்லி வைத்திருந்தாரோ.

பத்து மணிக்கு அக்கா வாடகைக்காரரின் வீட்டுக்குப் போனார். இரண்டாவது மாடி. செருப்புகள் படிக்கட்டு வரை இறங்கியிருந்தன. கூட்டத்தில் அந்த அம்மாள் இவரைப் பார்த்ததும் எழுந்து வந்து, கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனார்.

"ஆறு மாசமா செவ்வாய்க்கிழமை தவறாம ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தார் அக்கா. நெஞ்சுல கோளாறுன்னாங்க. ஆட்டோவுல போங்கன்னா கேக்கலை, பஸ்லதான் போவேன்னுட்டார். பஸ்லதான் ஜோக்கு கிடைக்குதாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். குற்றம் சொல்லும் பார்வை இல்லை, ஆச்சரியம்தான். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேனே. என்னைவிட நீங்கதானே அவர் குரலை அதிகமாக் கேட்டீங்க?"

அக்கா புதன்கிழமைப் பதிவைப் பற்றி மட்டும் கேட்டார். ஒலிபரப்பலாமா என்று. "போடுங்க" என்றார் அந்த அம்மாள். "மத்தவங்க வந்து அவரை நல்லவர் வல்லவர்னு சொல்றதுக்கு, அவரே நாலு வார்த்தை திட்டிட்டுப் போகட்டும்."

நிலையத்துக்குத் திரும்பி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அக்கா ஒரு கோப்பைத் திறந்தார். வெட்டி எறிந்தவற்றை அவர் உடனே அழிப்பதில்லை. ஒரு வருடம் வைத்திருப்பார். அந்தக் கோப்புக்கு 'உமி' என்று பெயர். வாரவாரியாகத் துண்டுகள் கிடந்தன. முதலில் பேச்சுக்குள் புகுந்த பேருந்து ஹாரன்கள், நாற்காலிக் கிறீச்சுகள், "பார்த்தீங்கன்னா"க்கள். அவற்றை ஒதுக்கிவிட்டு வாடகைக்காரரின் மூச்சுகளை மட்டும் எண்ணினார். ஆறு மாதத்துக்கு முன் ஒரு நிகழ்ச்சியில் ஏழெட்டு. அடுத்த மாதம் இருபது. போன வாரம் எழுபத்து மூன்று. நீளமும் கூடிக்கொண்டே வந்திருந்தது. கடைசி வாரங்களில் சில மூச்சுகளை இழுத்து விடுவதற்குள் முள்வேலி திரையைத் தாண்டி ஓடியது.

ஒவ்வொன்றையும் தன் கையால் பிடித்து, கோடு போட்டு, எடுத்திருக்கிறார். எடுத்த இடம் தெரியாமல் ஒட்டியிருக்கிறார். இரண்டு லட்சம் பேர் ஆறு மாதமாக ஓர் ஆரோக்கியமான மனிதரின் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். அவ்வளவு சுத்தமான வேலை.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் மூக்கடைத்துக் காது மந்தமாகியிருக்கும், வேலை கெட்டிருக்கும். புதன்கிழமைப் பதிவில் காலையில் எடுத்தவற்றை எல்லாம் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் திரும்ப வைத்தார். இருபத்தாறு வருடத்தில் வெட்டியதை அவர் திரும்ப ஒட்டியது அதுதான் முதல்முறை. வெட்டுவதைவிட அதற்கு நேரம் அதிகம் பிடிக்கிறது. சாயங்காலம் ஆகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போய் நின்றார்.

"செத்தவர் சிரிப்பு மூட்டறது நல்லாவா இருக்கும் அக்கா?"

"நல்லா இருக்கணும்னு அவர் என்னைக்குப் பேசினார் சார்?"

"ஜனங்க மறுபடி போன் போட்டுத் திட்டுவாங்க."

"போடட்டும். நான் எடுக்கறேன்."

"அது சரி. உறுப்பினர்? அவர் வேண்டாம்னு சொன்னப்புறம் நான் எப்படிப் போடறது?"

"அவர் சரின்னா?"

மேலாளர் யோசித்தார். "அவர் சரின்னா எனக்கென்ன."

அக்கா தன் மேசைக்கு வந்து உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டார். கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் போட்டார். சாப்பிடுகிறார் என்றார்கள். மறுபடி போட்டார். "எவ்வளவு நேரம்மா சாப்பிடுவார்? நான் பிடிச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் பதினோராவது அழைப்பில் உறுப்பினரே எடுத்தார். "ஒரு தடவை வந்து கேட்டுட்டு வேண்டாம்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

நான்கு மணிக்கு வந்தார். பருத்த ஆள், அக்காவின் குட்டி அறையில் இருந்த இன்னொரு நாற்காலியில் திணறிக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா ஹெட்போனைக் கொடுத்தார். இருபதாவது நிமிடத்திலிருந்து ஓட்டினார். கழிவறை வந்தபோது உறுப்பினர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். அறுநூற்று நாற்பது வந்தபோது சிரிப்பு நின்றது. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு செய்யலாம்மா. பேட்டி போகட்டும். அந்த மௌனம் இருக்கே, அதை மட்டும் எடுத்துடுங்க. கேட்ட உடனே நான் சொன்ன மாதிரி இருக்கட்டும். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

நியாயமான பேரம்தான். ஒன்பது செகண்டு, ஒரு விரல் அசைவு. நிகழ்ச்சி காற்றில் போய்விடும், வாக்கும் ஊர் காதுக்குப் போய்விடும்.

"அப்புறம் அவர் மூச்சு இப்படிக் கேக்குதே," என்றார் உறுப்பினர், குரலைத் தாழ்த்தி. "அதையும் எடுங்களேன். கேக்க முடியலை."

அக்கா அவருடைய தொண்டையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார். "சார், அந்த ஒன்பது செகண்டுல நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"என்ன பண்ணினேன்... யோசிச்சேன்."

"நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க அவரைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அந்த ரூம்ல அவரைப் பார்த்தது நீங்க ஒருத்தர்தான். அதனால கேக்கறேன்."

உறுப்பினர் ஹெட்போனின் கம்பியைத் திருகினார். "கழுத்துல குழி விழுந்து விழுந்து எழும்பிச்சும்மா. சிரிச்ச முகமாத்தான் இருந்தார். தண்ணி குடிங்க சார்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ரெக்கார்டிங் ஓடுதேன்னு விட்டுட்டேன். அப்பத்தான் ஆறு வாரம்னு..."

"நானும் விட்டுட்டேன் சார்," என்றார் அக்கா. "ஆறு மாசமா."

உறுப்பினர் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது; அக்கா பிடித்து இழுத்துவிட்டார்.

"அப்படியே போடுங்க," என்றார் அவர், கதவருகில். "எனக்கு எப்படியும் நாளைக்குத் திட்டு இருக்கு. பார்த்துக்கறேன்."

ஏழு மணிக்கு அறிவிப்பாளர் பெண், அக்கா எழுதிக் கொடுத்ததை நிதானமாகப் படித்தாள்: "இது புதன்கிழமை பதிவு செய்தது. வியாழக்கிழமை அதிகாலை வாடகைக்காரர் காலமானார். இந்தப் பதிவில் நாங்கள் எதையும் வெட்டவில்லை." நிகழ்ச்சி நாற்பத்தாறு நிமிடம் ஓடியது. அடுத்து வரவேண்டிய செய்தி ஆறு நிமிடம் காத்திருந்தது. தொலைபேசிக்குப் பக்கத்தில் அக்கா தயாராக உட்கார்ந்திருந்தார். ஓர் அழைப்புகூட வரவில்லை. எட்டரை மணிக்கு மேல்தான் மெல்ல மெல்ல வர ஆரம்பித்தன. திட்டியவர் ஒருவரும் இல்லை. "அந்த நிறுத்தத்துல நானும்தான் இறங்கறேன்" என்றுதான் பலரும் ஆரம்பித்தார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வேறு ஒரு நகைச்சுவைக் கலைஞர் வருகிறார், பயந்த சுபாவம். "அக்கா, நான் மாடு மாதிரி மூச்சு விடறேன், கொஞ்சம் எடுத்துடுங்களேன்" என்று கெஞ்சுகிறார். "விடுங்க. நான் கேட்டுக்கறேன்" என்கிறார் அக்கா. ஒலிப்பதிவு நடக்கும்போது திரையைப் பார்ப்பதில்லை. கண்ணாடியோடு ஒட்டி நின்று உள்ளே இருப்பவர்களைப் பார்க்கிறார். படியேறி வந்த விருந்தாளிக்கு இரைத்தால், "மொதல்ல உட்காருங்க. நாங்க எங்கயும் ஓடிடலை" என்று ஒலிப்பதிவையே தள்ளிப்போடுகிறார். மேலாளர் கடிகாரத்தைக் காட்டினால், அக்கா மேலாளரின் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

தினமும் காலை ஒன்பதுக்கு உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி. "வாடகைக்காரர் நிகழ்ச்சியிலேருந்து பேசறேன். வேலை எந்த அளவுல இருக்கு?" உறுப்பினரும் சளைக்காமல் பதில் சொல்கிறார். வளாகத்துக்காரர்கள் போட்ட சத்தத்தைக்கூட ஒருநாள் நடித்துக் காட்டினார். மூன்றாவது வாரம் மருத்துவமனை வாசலில் குழி வெட்டினார்கள். ஐந்தாவது வாரம் கம்பம் நட்டு, சிமெண்டு பூசி, காயும் வரை சுற்றிலும் கயிறு கட்டினார்கள். ஆறாவது வாரம் போன புதன்கிழமையோடு முடிந்தது.

நிலையத்து வேலை முடிந்ததும் அக்கா தினமும் அங்கேதான் போகிறார். வீட்டுக்கு அது எதிர்த்திசை. கட்டுப்போட்ட கையோடு ஒருவர், மாத்திரைப் பையோடு ஒரு தம்பதி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு முதியவர் என்று வாசலில் நாலைந்து பேர், நிற்கலாமா நடக்கலாமா என்று விழித்துக்கொண்டிருப்பார்கள். "இங்கயே நில்லுங்க" என்பார் அக்கா. பேருந்து வந்ததும் சாலையில் ஓரடி இறங்கிக் கையை நீட்டுவார். சில ஓட்டுநர்கள் நிறுத்துகிறார்கள். சிலர் வளைத்துக்கொண்டு போகிறார்கள். நேற்று ஒருவர் நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "என்னம்மா, இங்க ஸ்டாப்பிங்கே இல்லையே?" என்றார்.

"இருக்கு. அவங்க ஏறட்டும். மெதுவா."

முதியவர் ஏறி உட்காரும் வரை அக்கா நீட்டிய கையை இறக்கவில்லை. கம்பத்தின் தலையில், பேருந்து எண்களை எழுதிய பலகையை மாட்டுவதற்கு நான்கு துளைகள் போட்டிருக்கிறார்கள். நான்கிலும் இன்னும் திருகாணி இல்லை.